இரண்டு திருகாணி

கீழ்வரிசைப் பல்செட்டைத் தவறவிட்டது பங்குனியில்.
மூணாறு தலைப்புப் பாலத்தில் நின்று
கோரையாற்றுப் பக்கம் எட்டிப் பார்த்துத் தும்மினேன்.
தண்ணி இல்லை அப்போது, மணலில்தான் விழுந்தது.
இறங்கி எடுப்பதற்குள்
நாய் ஒன்று முகர்ந்துவிட்டது.
கழுவிப் போட்டுக்கலாம் என்றாள் தனக்கோடி.
மாட்டேன் என்றேன்.
காற்றுதான் வந்தது.

உண்மையைச் சொன்னால் அது என்றைக்கும் நின்றதில்லை.
நான் பேச ஆரம்பித்தால் தானும் ஒரு பேச்சு பேசும்.
பந்தியில் அப்பளத்தைச் சாம்பாரில் ஊறப்போட்டு,
வெள்ளரிப் பிஞ்சைப் பக்கத்து இலைக்குத் தள்ளி...
பென்ஷன் ஆபீசில் "லஸ்கர்" என்று சொன்னேன்,
"லட்டுக் கடையா?" என்றான் பையன்.

டாக்டர் நஸ்ரின் பானு, கூத்தாநல்லூர்ப் பெண்,
மன்னார்குடி பந்தலடிக்குப் பக்கத்தில் கிளினிக்.
படம் எடுத்து வெளிச்சத்தில் காட்டினார்.
"பல்லு போய்ப் பன்னெண்டு வருஷம்.
வேலையில்லாத எலும்பு கரைஞ்சுக்கிட்டே போகும்.
இவ்வளவுதான் மிச்சம், பாருங்க."
லாரி லாரியாக மணல் அள்ளிய பிறகு
பாலத்தின் கால் தெரியுமே, அப்படித் தெரிந்தது.
"முன்னாடி ரெண்டு இடம் நல்லா இருக்கு.
ரெண்டு திருகாணி வைக்கலாம், டைட்டானியம்.
அதுமேல செட்டு சொடக்குன்னு பூட்டிக்கும்.
முதல்ல மூணு மாசச் சர்க்கரையை
ஏழுக்குக் கொண்டு வாங்க."

ஒன்பதரையிலிருந்து ஏழு.
அது தனக்கோடியின் வேலையாகிப் போனது:
வரகு, வெந்தயம், விடியுமுன் நடை.
செலவு எழுபத்தெட்டாயிரம்.
கொள்முதல் நிலையத்தில்
ஈரப்பதம் இருபது என்று பதினொரு நாள் கிடந்து
காய்ந்து
பணமாகி வந்த சம்பாவில் பாதிக்கு மேல்.
"அறுபத்தொம்பது வயசுல எதுக்குப்பா?"
திருப்பூரிலிருந்து மகன்.
இன்னும் எத்தனை வருஷத்துக்கு என்று அவன் கேட்கவில்லை.
கேட்ட மாதிரிதான்.

வைகாசிக் கடைசியில் வைத்தார்கள்.
மரத்துப்போன தாடைக்குள் மோட்டார் ஓடுவது
காதுக்குக் கேட்பதில்லை, மண்டைக்குக் கேட்கிறது.
முப்பத்தோரு வருஷம் ஷட்டர் ஏற்றி இறக்கியவன் நான்.
மரை பிடிப்பது எது, வழுக்குவது எது,
கிரீஸ் இல்லாத பல்சக்கரம் எப்படி முனகும்,
எல்லாம் தெரியும்.
கண்ணை மூடிச் சுற்று எண்ணினேன்.
சரியாகத்தான் திருகினார்.

"எலும்பு அதைப் பிடிக்க மூணு மாசம்.
அதுவரைக்கும் கஞ்சி."
மேட்டூர் திறந்தது. கல்லணை திறந்தது.
என் பாலத்தில் இப்போது வேறொருவன்,
பொத்தானை அமுக்கினால் ஷட்டர் ஏறுகிறது.
நல்லதுதான். என் தோள்பட்டை போனது அதில்தான்.

ஆவணியில் ஈறைத் திறந்து
கம்பியால் தட்டினார்.
டிங்.
சந்தேகமே இல்லாத சத்தம்.
செட்டை வைத்து அழுத்தினார். சொடக்.
"லஸ்கர்" என்றேன்.
லஸ்கர் என்றுதான் வந்தது.

வரும் வழியில் கொய்யா வாங்கினேன்,
பழம் வேண்டாம், செங்காய் கொடு என்று.
நறுக்கி மிளகாய்த்தூள் தூவி நீட்டினாள்.
கடித்தேன். கூடம் முழுக்கக் கேட்டது.
"நீயும் எடு."
எடுத்தாள். வலப்பக்கம் ஒதுக்கி
கரையட்டும் என்று வைத்துக்கொண்டிருந்தாள்.
வாயைத் திற என்றேன்.
உதட்டை மூடியே சிரித்தாள்.
பிறகு திறந்தாள்.
இடப்பக்கம் மேலும் கீழும் ஒன்றுமில்லை.

"எப்பலேருந்து?"
"நீங்க ரிட்டயர் ஆன வருஷம்."
"சொல்லவே இல்லையே?"
"உங்களுதுதானே ஆத்துல விழுந்துச்சு."

முத்துப்பேட்டைப் பக்கத்து ஆட்கள்
வருஷா வருஷம் பஸ் பிடித்து வருவார்கள்.
எங்களுக்கு எப்ப சார் தண்ணி?
முறை வச்சு விடுறோம், வந்துடும் என்பேன்,
ஷட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு.

டாக்டருக்குப் போன் போட்டேன்.
"தனக்கோடி. அறுபத்திமூணு. சர்க்கரை இல்லை."
வியாழக்கிழமை வரச் சொன்னார்.
பணம் இன்னும் நாற்றங்காலில்தான் இருக்கிறது.