சார்பு

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில்
அதற்கு நீளமான பெயர்:
மீப்பெரு முழு எண் சார்பு.
புள்ளிக்குப் பின்னால் இருப்பதை விட்டுவிடும்,
அவ்வளவுதான்.
இரண்டு மதிப்பெண். எழுதி வாங்கினேன்.

இப்போது மணிக்கு நூற்றிருபது வாங்குகிறேன்.
கல்லூரி விட்டுப் பெருந்துறையில் பஸ் ஏறி
விஜயமங்கலம், செங்கப்பள்ளி, ஊத்துக்குளி தாண்டி
திருப்பூரில் பேக்கரி மாடி.
ஆறு மேசை. நாலு பேர் மாணவர்கள்.
ஒரே ஒரு ஏசி, அதுவும் சர்வருக்கு.

சென்னியப்பன் அண்ணன் முதல் வாரம் கொடுத்த வேலை
நல்லூர் பனியன் கம்பெனி ஒன்றின் பீஸ் கூலி.
இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
காலர் வைக்க எண்பத்தைந்து பைசா,
பிசிர் வெட்டப் பதினெட்டு.
“சில்லறை வேண்டாங்கறாங்க கண்ணு.
தினக் கணக்குல பைசாவ வெட்டிரு.”
வெட்டினேன். ஒரு வரி.
பழைய பட்டியலை ஓட்டிப் பார்த்தேன்:
மயிலாத்தாள், பதினாலாம் டேபிள், 611.90.
611 என்று வந்தது. பச்சை டிக் விழுந்தது.
அன்றைக்கு எல்லோருக்கும் தேங்காய் பன்.

மாசக் கடைசியில்
“நம்ம சாப்ட்வேர நாமளே ஓட்டிப் பாக்கோணுமல்ல”
என்று எங்கள் சம்பளத்தையும் அதில் ஏற்றினார்.

நான் உட்காருவது ஐந்தரை.
எழுவது ஒன்பது இருபது,
ஒன்பதரைக்குக் கடைசி பஸ்.
மூன்று மணி ஐம்பது நிமிடம்.
ஏட்டில் மூன்று.
பத்தொன்பது நாளும் மூன்று.

ரிஸ்வானா முன்பே கண்டுபிடித்துவிட்டாளாம்.
எட்டரை அடித்ததும்
திறந்த அடைப்புக்குறியை மூடாமல்
மடிக்கணினியை மூடிவிடுகிறாள்.
தருணேஷ் பத்து நிமிடம் கூட உட்கார்ந்து நாலாக்குகிறான்.
அவனிடம் பைக் இருக்கிறது.

தொள்ளாயிரத்து ஐம்பது நிமிடம்.
பேக்கரி பில்லின் முதுகில் போட்டுப் பார்த்தேன்.
பதினைந்து மணி ஐம்பது.
அதையும் என் வரியிடம் கொடுத்தால்
பதினைந்து என்றுதான் சொல்லும்.

தமிழில் சார்பு என்றால் இரண்டு அர்த்தம்.
பரீட்சையில் ஒன்றைத்தான் கேட்டார்கள்.

நிமிடம் விடுபடுகிறது என்று அண்ணனிடம் சொன்னேன்.
திட்டவில்லை.
“நல்லூர்க்காரங்க ரெண்டு பில்லு பாக்கி கண்ணு.
உன்ற ஆயிரத்துத் தொள்ளாயிரத்த
ஒட்டுக்கா அடுத்த மாசம் தந்தர்றேன்.”

ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று
நான் சொல்லவே இல்லை.

கடைசி பஸ்ஸில் ஷிப்ட் முடிந்தவர்கள்,
முந்தானையில் நூல் பிசிர்.
மயிலாத்தாள் இதில் இருக்கலாம்.
டேபிள் எண்ணைக் கேட்டுக்கொண்டா போக முடியும்?
ஆளுக்குச் சராசரி அரை ரூபாய், இருபத்தாறு நாள்:
மாசம் பதின்மூன்று ரூபாய்.
ஒரு டீ.
பதின்மூன்று ரூபாய்க்கு எவள் சண்டை போடுவாள்
என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே
பின்சீட்டில் ஒருத்தி ஒரு ரூபாய்க்குப்
போட்டுக்கொண்டிருந்தாள்.
“சில்லறை இல்லம்மிணி.”
“பைய ஆட்டுனா சலங்க மாதிரி சத்தம் வருது,
இல்லைங்கறீங்க?”
பஸ் முழுக்கச் சிரிப்பு.
கண்டக்டர் தேடி எடுத்துக் கொடுத்தார்.

விடுதிக்கு வந்து
பதினொன்று பத்துக்குத் திறந்தேன்.
அழிக்க வேண்டியது ஒரே சொல்.
மாற்றியதற்குக் காரணம் எழுதக் கட்டம் கேட்கிறது.
‘அநியாயம்’ என்று அடித்தேன், அழித்தேன்.
‘கேட்டதால் செய்தது’ என்று அடித்தேன், அதையும்.
கடைசியில்: ‘பைசா விட்டுப்போனது. நிமிடமும்.’
அண்ணனின் ஒப்புதலுக்கு அனுப்பினேன்.
இன்னும் பார்க்கப்படவில்லை என்று காட்டுகிறது.

முடிந்தபோது பதினொன்று முப்பத்தைந்து.
இருபத்தைந்து நிமிடம்.
பழைய கணக்கில் அது சுழி.

ஏட்டைத் திறந்து
0.25 என்று தப்பாகப் போட்டு,
அடித்து,
25 நிமிடம் என்று எழுத்தில் எழுதினேன்.