தேறுமா

பதினாலு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று
லோரெய்ன் ட்ராட்டியே சாவியை நீட்டினாள்.
சாவி என்றால் ஓர் அட்டை.
கையுறையோடு அதைப் பிடிக்க முடியவில்லை.
முதல் குறையை அங்கேயே எழுதிக்கொண்டேன்.

நான் கோதுமைக்குத் தரம் போடுகிறவன்.
லாரிக்குள் நீளக் குழாயைச் செருகி
மேலும் அடியும் மூலையும் எடுத்துக் கலந்து பார்ப்பவன்.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது
வடிக்கிறவருக்குச் சரி,
காசு கொடுக்கிறவருக்கு ஆகாது.

செவ்வாய். மைனஸ் முப்பத்தொன்று.
கதவின் கைப்பிடி உள்ளேயே உறைந்து கிடந்தது.
உள்ளங்கையால் குத்தினேன்; மூன்றாம் குத்துக்கு வெளியே வந்தது.
இருக்கை சூடாகிறது, ஸ்டியரிங் சூடாகிறது,
எண் மட்டும் குளிர்கிறது:
விளம்பரத்தில் நானூற்று இருபது கிலோமீட்டர்
திரையில் இருநூற்று முப்பது.
மீதி பதர்.

புதன், நாய்த் தீவனம் நாற்பது பவுண்டு,
உருளைக்கிழங்கு மூட்டை, பனி வாரும் மண்வெட்டி,
எல்லாம் போட்ட பிறகும் பின்பக்கம் வாய் திறந்தே இருந்தது.
ஸ்லாவ்காவின் கோலிப் பைக்கு அளவெடுத்து
இடப்பக்கம் ஒதுக்கி வைத்தேன்.

வியாழன். களஞ்சிய முற்றத்தில்
உறுமிக்கொண்டு நிற்கும் லாரிகளின் நடுவே
இது மட்டும் பேச்சு மூச்சில்லை.
செத்துப்போச்சா, என்றான் டுவெய்ன்.
இல்லை, கேட்டுக்கொண்டிருக்கிறது என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேனோ.

வெள்ளி.
இதற்குத்தான் வண்டியே.
மூஸ் ஜாவிலிருந்து நூற்று எழுபத்தைந்து,
ஸ்விஃப்ட் கரண்ட்.
ஊர்ப் பெயரிலேயே கரண்ட் இருக்கிறது,
மெரெடித் வீட்டில் எனக்குத்தான் இல்லை.
பழைய பிக்-அப்பில் இஞ்சினை அணைக்கவே மாட்டேன்.
ஒரு ஹாரன். பிள்ளை வரும், பை வரும்,
கதவு, ரிவர்ஸ்.
ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், இரண்டு வருடம்,
அந்த வாசலில் நான் நின்றதையெல்லாம் கூட்டினாலும்
ஒரு மணி நேரம் தேறாது.

சாப்ளினில் உப்புக் குவியல், பனியைவிட அழுக்கு.
ஹெர்பர்ட் தாண்டி எதிர்காற்று.
ஹீட்டரை அணைத்தேன், தொப்பியைக் காதுவரை இழுத்தேன்.
ஒன்பது சதவீதத்தோடு போய் நின்றேன்.

திரும்ப வேண்டுமானால் எழுபது நிமிடம் காத்திருக்க வேண்டும்,
கூட்டுறவுக் கடையின் பின்னால், குப்பைத் தொட்டிகளைப் பார்த்தபடி.
குறை என்று பெரிதாக எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டேன்.
ஸ்லாவ்கா பூட்ஸைக் கழற்றிக்
கால்களை முன்பலகையில் வைத்தாள்.
கண்ணாடியெல்லாம் மூச்சால் வெளுத்துவிட்டது.
ஓட்டவில்லை என்பதால்
நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது.

ஐம்பத்திரண்டு சதவீதத்தில் சொன்னாள்:
அப்பா, நான் இப்போ கோல் காக்கிறதில்லை.
எப்போதிலிருந்து?
நவம்பர்.

இது பிப்ரவரி.

அப்புறம் பை?
பழைய போர்வை ரெண்டு இருக்கு, வேற ஒண்ணுமில்லை.
ஏன் தூக்கிட்டு வர்றே?
நீங்க அதுக்கு இடம் வெச்சிருப்பீங்களே.

அறுபது. அறுபத்தொன்று.
குளிரில் எண் மெல்லத்தான் ஏறும்.
பந்து வரும்போது கண்ணை மூடிக்கொள்கிறாளாம்.
பந்து இல்லை, தட்டு, என்று திருத்தினாள்.
எனக்கு அதுகூட வாய் தவறிவிட்டது.
இப்போது ஏதோ நாடகக் குழுவில்
விளக்குப் போடும் வேலை பார்க்கிறாளாம்.
எந்த விளக்கு எப்போது அணையும் என்பதைக்
கைகளால் காட்டினாள். நான் பார்த்தேன்.

எண்பதுக்கு மேல் ஆமை வேகம்.
விவரம் தெரிந்தவர்கள் கழற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.
தொண்ணூற்றாறு வரை இருந்தோம்.

பதினைந்தாம் நாள் லோரெய்ன் படிவத்தைப் புரட்டினாள்.
பின்பக்க இடம் போதுமா?
போதும். தேவைக்கு மேலேயே இருக்கிறது.
தினசரிக்குத் தேறுமா?
இரண்டாம் தரம் என்றேன்.
விலையில் எண்ணூறு குறைக்கச் சொன்னேன்,
அந்தக் கைப்பிடிக்காக.