இழப்பு என்ற கட்டம்

உருளைக்கிழங்கு லாரிகள் போய்விட்டன.
வழக்கமாக இந்த வாரம்
வாய்க்காலை அடைத்துவிட்டு
முழங்கைக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு
குளிர்காலம் முழுக்கத் தூங்குவேன்.

இந்த வருஷம் ஸ்நேக் ஆற்றில் மிச்சம் இருக்கிறது,
யாரும் கேட்டு வாங்காத தண்ணீர்.
"திறந்து விடு" என்றார்கள் தொலைபேசியில்.
பதினோராம் மைல் மதகைத் திறந்தேன்.

கீழே வயல் இல்லை.
என்றோ கொதித்து ஆறிய கறுப்புப் பாறை,
அதில் ஒரு பள்ளம்.
தண்ணீர் நுரைத்துக்கொண்டு இறங்கி
புதர்களின் காலைக் கழுவி
இரண்டு சுற்றுச் சுற்றி
ஒரு வெடிப்பில்
போயே போய்விட்டது.
குட்டைகூடக் கட்டவில்லை.

ஒரு வாளி சிந்தினாலும்
அபராதச் சீட்டு எழுதிய கை இது.
ஒழுகிய வாய்க்காலுக்கெல்லாம்
சிமென்ட் பூசவைத்ததும் இதே கைதான்.
ஒழுக்கு நின்றது.
பிறகு கிணறுகளும் ஒவ்வொன்றாக நின்றன.

வெர்ல் ஓலவெரியா வண்டியிலிருந்து இறங்காமலே பார்த்தான்.
இரண்டு முறை குழாய் இறக்கியவன்,
மூன்றாம் முறைக்கு வங்கி கைவிரித்தது.
"என் கிணற்றுக்கு எப்போ வரும்?"
"வந்தாலும் உன் பேர் எழுதி வராது."
கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

மேற்கே, ஆற்றுச் செங்குத்தின் இடுக்கில்
ஊற்று கசியும் இடத்தில்
டார்லா கிம்சியின் டிரவுட் தொட்டிகள்.
வழக்குப் போட்டு
எங்கள் மோட்டார்களை நிறுத்தியவள்.
சாயம் கரைத்து விட்டுப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்,
இது கடைசியில் அங்கேதான் போகுமாம்.
பத்து வருஷமோ, முப்பதோ.
அப்போது அவள் மீனை யார் பிடிக்கிறார்களோ.

ராத்திரி பதினெட்டு டிகிரி உறைகுளிர்.
மூன்று மணிக்கொரு தடவை
கடப்பாரையோடு போய்
மதகுக் கம்பிகளில் படிந்த பனிக்கட்டியை உடைக்கிறேன்.
எதிரிக்காகத் தூக்கம் கெடுவது
இதுதான் முதல் தடவை.

ஏப்ரலில் வெர்ல் கூப்பிட்டான்.
"நாலு அங்குலம்."
உடனே வைத்துவிட்டான்.
என் தண்ணீரா, மலைப்பனியா,
அவன் பக்கத்து நிலத்துக்காரன்
பீட்ரூட் போடாமல் விட்டதா,
கேட்க ஆள் இல்லை.

வருஷக் கணக்கை எழுத உட்கார்ந்தேன்.
கம்பெனித் தாளில் இரண்டே கட்டம்:
கொடுத்தது, இழந்தது.
அறுபத்திரண்டு நாள் தண்ணீரையும்
இழப்பில் எழுதினேன்.

வேறு கட்டம்
இன்னும் அச்சடிக்கவில்லை.