கொம்பிரசர் போன வருடம்

கச்சான் காற்று புழுதியோடு கதவைத் தட்டிய கிழமை
எங்கள் பிரிட்ஜ் செத்தது.
ஜவ்பர் கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து வந்தான்.
பின்பக்கம் குந்தியிருந்து
விரல் மடக்கித் தட்டிப் பார்த்தான்.
"கொம்பிரசர் போயிட்டு. முப்பத்தெட்டு வரும் சேர்,
காசு கிடக்கக்குள்ள கோல் ஒண்டு அடிங்க."

காசு கிடக்கக்குள்ள.
பொது நூலகத்தில் புத்தகங்களுக்கு இலக்கம் ஒட்டுகிறவன் வீட்டில்
காசு கிடப்பதில்லை,
வந்த செருப்போடேயே போய்விடும்.
தர்மினி ஒரு பால்மாத் தகரத்தில் துளை போட்டாள்.

முதல் மாதம் நன்றாக இருந்ததென்று சொல்லமாட்டேன்.
காலைச் சொதி மத்தியானமே புளித்தது.
ஒருநாள் அரைக்கிலோ இறாலைக் கொட்டிவிட்டு
இறாலைத் தவிர மற்ற எல்லாவற்றைப் பற்றியும்
இரவு பத்து மணிவரை சண்டை பிடித்தோம்.
அந்தச் சண்டை முடிந்த அமைதியில்தான் கேட்டது.
பதினொரு வருடம் அந்தப் பெட்டி
குசினி மூலையில் முனகிக்கொண்டிருந்திருக்கிறது.
முனகல் நின்ற இடத்தில்
கடல் இருந்தது.
"இவ்வளவு கிட்டவா?" என்றாள் தர்மினி.
கோபம் இன்னும் மிச்சமிருந்த குரல்தான்.

பிறகு கணக்குச் சின்னதாகியது.
கால் கிலோ சூடை, இரண்டு தக்காளி,
ஒரு பிடி பொன்னாங்காணி.
வேலை விட்டு டச்சுக்குடாப் பக்கம் சைக்கிளைத் திருப்பினால்
தராசைத் துடைத்தபடி செபமாலை கேட்பான்:
"நாளைக்கும் சேத்து எடுங்கோவன், விலை குறைச்சுத் தாறன்."
"நாளைக்கு நாளைக்கு வாறன்."
சேர்ட்டைக் கழற்றிச் சைக்கிளில் போட்டுவிட்டு
கழுத்தளவு தண்ணீரில் பத்து நிமிடம்.
மீன் பை ஹாண்டிலில் ஆடிக்கொண்டிருக்கும்,
காகம் பார்த்துக்கொண்டிருக்கும்,
நான் காகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மிஞ்சியது மதிலேறியது.
மரவள்ளிக் கறி போன கோப்பையை
றிஸ்மினா வெறுமனே அனுப்பியதில்லை.
நோன்பு மாதம் முழுக்கக் கஞ்சி வந்தது.
"எங்கட பிரிட்ஜ் இப்ப மதிலுக்கு அங்கால" என்று
தர்மினி சொல்லிச் சிரித்தாள்.

மார்கழி மழைக்குள் தகரத்தை வெட்டினோம்.
முப்பத்தொன்பதாயிரமும் சில்லறையும்.
ஜவ்பருடைய நம்பரைத் தேடி எடுத்து
போனைக் கையில் வைத்துக்கொண்டு
நான் அவளைப் பார்க்க, அவள் கூரையைப் பார்த்தாள்.
ஒழுகிக்கொண்டிருந்தது.
இரண்டு தகடு மாற்றினோம்.
கரும்பலகை தெரியாத ஆரபிக்குக் கண்ணாடி வாங்கினோம்.
மழை வெளித்த ஒரு ஞாயிறு
பஸ் ஏறிக் கன்னியாவுக்குப் போய்
ஏழு கிணற்றிலும் மாறி மாறி அள்ளி ஊற்றினோம்.
குளிர்ப்பெட்டிக் காசில் சுடுதண்ணி!
ஆரபி புதுக்கண்ணாடியைக் கழற்ற மறுத்து
ஆவிக்குள் எங்களைத் தேடினாள்.

பணம் வேண்டாமென்று சொல்கிற அளவுக்கு
எங்களிடம் பணமில்லை.
தகரம் ஒன்று இப்போதும் இருக்கிறது, துளையோடு.
பல்லு வலிக்கும், பள்ளிக்கூடம் கேட்கும்,
எனக்குத் தெரியும்.

பிரிட்ஜும் இருக்கிறது.
மேல்தட்டில் நூலகம் கழித்துவிட்ட புத்தகங்கள்.
முட்டைக் குழிகளில் ஆரபியின் சோகிகள்.
கீழே அரிசி; எலி தோற்றுவிட்டது.
நடு இரவில் பழக்கத்தில் கதவைத் திறப்பேன்.
வெளிச்சம் வராது.
பழைய தாள் மணக்கும்.

போன கிழமை பஸ் ஸ்ராண்டடியில் ஜவ்பரைக் கண்டேன்.
"சேர், அந்தப் பிரிட்ஜ்?"
"நல்லா வேலை செய்யுது."
"ஆர் செஞ்ச?" என்றான், முகம் சுருங்கி.
விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன்,
அவன் பஸ் வந்துவிட்டது.
எங்களுக்கு நடுவே நின்ற புள்ளிமான் ஒன்று
நிலத்தில் கிடந்த லொத்தர்ச் சீட்டை எடுத்து
நிதானமாக மென்றது,
எத்தனை கோடியென்று பாராமல்.