ஒன்பதாவது படகு

மனாமா தபால் நிலையத்தின் பின்சுவர் நிழலில்
வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூடுவோம்,
பேசித் தீர்ந்த தொலைபேசி அட்டைகளோடு.

முத்துக்குளிக்கும் படகுகள், மொத்தம் பன்னிரண்டு.
என்னிடம் பதினொன்று.
எட்டாவது மட்டும் மூன்று கிடக்கிறது,
அது யாருக்கும் வேண்டாம், எல்லோரிடமும் உண்டு.
டேனிலோ ஒரு பருந்துக்கு இரண்டு ஒட்டகம் கேட்பான்.
கீறல் விழுந்ததைச் சட்டையில் தேய்த்துப்
புதுசு என்பார் குஞ்ஞுமோன்.
அவரிடம் வாங்கினால்
வெயிலில் சாய்த்துப் பார்க்க வேண்டும்.

ஒன்பது, குல்ஜமானிடம் இருந்தது.
பருந்து நான்கு, கோட்டை இரண்டு, ஒரு பழைய விமானம்,
எல்லாம் நீட்டினேன்.
"இன்னும் பேசலை. உள்ளே காசு இருக்கு" என்றான்.
எட்டு மாதமாகச் சட்டைப்பையில்.
யாரிடம் பேச என்று நான் கேட்கவில்லை.

போன வாரம் அவனே கூப்பிட்டான்.
கூண்டுக்குள் அவன்.
கண்ணாடிக்கு வெளியே நான், கையில் பருந்துகளோடு.
காசு இறங்குவது எனக்கும் தெரிந்தது:
எழுநூறு ஃபில்ஸ், ஐந்நூற்று இருபது, முந்நூறு.
அவன் வாயே திறக்கவில்லை,
கேட்டுக்கொண்டே நின்றான்.
சீக்கிரம் தீரட்டும் என்று
நினைத்துவிட்டேன்.

அட்டையைத் தந்தான். விளிம்பெல்லாம் வியர்வை.
பருந்துகளை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு
பாப் அல் பஹ்ரைன் பக்கம் நடந்தான்.

இரவு, கட்டிலின் மேல்தட்டில் படுத்தபடி
ஆல்பத்தில் செருகினேன். வரிசை நிறைந்தது.
ஒன்பதாவது படகில்
ஒருவன் கயிற்றைப் பிடித்து நிற்கிறான்,
கீழே போனவன் அசைக்கும்வரை.