விடுபட்ட பதினோரு நாள்

திருவாரூரில் எங்கள் துறையின் இரண்டாம் மாடி.
ஏசி மிஷின்களுக்கு மட்டும்.
மூன்று பேர் அவற்றின் வெளிமூச்சில் வேர்க்கிறோம்.
பர்வீன் கொதிகலனுக்குள் வெப்பத்தைச் சுழலவிடுகிறாள்.
தேவசகாயம் இல்லாத பாலமொன்றை
ஆயிரம் முறை முறித்துவிட்டான்.
எனக்கு வாய்த்தது வாய்க்கால்.

தலைஞாயிறு பக்கம் ஒரு கிளை, பதினான்கு கிலோமீட்டர்,
கடல் எதிர்த்து ஏறும் கடைசி மதகு வரை.
அதை நாற்பதாயிரம் முக்கோணங்களாக அறுத்து
ஒவ்வொன்றிடமும் தண்ணீர் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று
பத்து நொடிக்கொரு தரம் கேட்க வேண்டும்.
முதல் செமஸ்டரில் சமன்பாட்டைப் பார்த்துப் பயந்தேன்.
சமன்பாடு சாது.
எல்லையில் என்ன கொடுக்கிறோமோ
அதைத்தான் உள்ளே பங்கிடும்.

மண்வாய்க்காலின் சொரசொரப்புக்குப் புத்தகம் தரும் எண் 0.025.
அந்த எண்ணில்
ஆறே மணி நேரத்தில் கடைமடைக்கு வந்துவிட்டது தண்ணீர்!
வேளாங்கண்ணி பஸ்ஸில் சொன்னால் பஸ்ஸே சிரிக்கும்.
நெய்வேலிக் காட்டாமணக்குக்குக் கொஞ்சம்,
ஆகாயத்தாமரைக்குக் கொஞ்சம்,
மண்டபத்துத் தெர்மாகோல் தட்டுகளுக்குக் கொஞ்சம் என
ஏற்றி ஏற்றி 0.11-இல் நிறுத்தினேன்.
மறுநாள் மத்தியானம் வந்தது.
இது நம்ம தண்ணீர்.

எச்சம் மட்டும் அடங்கவில்லை.
சமன்பாட்டின் இரு பக்கமும் பொருந்தாமல் மிஞ்சுவதற்கு
அந்தப் பெயர்.
வந்து, ஓடி, நிறைந்து,
என்று வினையெச்சம் போலவே
முற்றுக்குக் காத்திருந்தது ராத்திரி மூன்று மணிக்கும்.
தடுக்கி விழும் இடம் எப்போதும் ஒன்றுதான்:
நவம்பர் பத்தொன்பது காலை.

பதிவேட்டின் நகலை எடுத்துப் பார்த்தேன்.
எட்டாம் தேதி முதல் பதினெட்டு வரை 0.45, 0.45, 0.45.
பத்தொன்பதில் 1.32.
பதினோரு நாளும் ஒரே பேனா, ஒரே சாய்வு.

மதகில் லஸ்கர் மரியசூசை
ஒப்புக்கொள்ள ஒரு டீ நேரம் எடுத்துக்கொண்டார்.
“கம்பத்தைச் சேறு மூடிடுச்சும்மா. அளவு தெரியல.
கட்டத்தைக் காலியா விட்டா மேலேர்ந்து கேள்வி வரும்.
போட்டேன்.”
கிளாஸைக் கவிழ்த்துவிட்டுக் கேட்டார்:
“நீங்க என்ன போட்டீங்க?”

நான் ஒரு நேர்க்கோடு போட்டிருந்தேன்,
கைடு சொன்னபடி, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும்.
இடைச்செருகல் என்பார்கள் எங்கள் பாடத்தில்.
ஓலைச்சுவடியில் பின்னாளில் எவனோ நுழைத்த பாட்டுக்கும்
அதே பெயர்.
அவரிடம் சொல்லவில்லை.
டீக்குக் காசு கொடுத்தேன்.

அன்றிரவு கோட்டை அழித்து
பதினோரு கட்டத்திலும் -9999 அடித்தேன்.
‘தெரியாது’ என்பதை மிஷினுக்கு இப்படித்தான் சொல்ல வேண்டும்.
அது எண்ணல்ல என்று
இன்னொரு வரியில் சொல்ல மறந்துவிட்டேன்.
ஒரே படியில் பாதாளத்துக்கு இறங்கியது வாய்க்கால்.
“உன் ஆறு பூமியோட மறுபக்கம் போகுதுடி”
தேவசகாயம் நாற்காலியோடு சாய்ந்து சிரித்தான்.
பர்வீன் எழுந்து வந்து அந்த வரியை எழுதிக் கொடுத்தாள்.

இப்போது பதினோரு நாளுக்கும் நூறு ஊகம்.
நூறு வாய்க்கால்கள், ஆறு ராத்திரி.
கோடு போய் ஒரு பட்டை வந்திருக்கிறது,
மழைக்கு முன் கருக்கும் வானம் மாதிரி நடுவில் தடித்து.
உப்பு மதகிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் நின்றிருக்கலாம்,
ஆறு வரை ஏறியும் இருக்கலாம்.
“பரீட்சகர் இதைத்தான் கேட்பார்” என்கிறார் கைடு.
கேட்கட்டும்.
இடையிலுள்ள நாலு கிலோமீட்டரில்
யார் யார் நட்டிருந்தார்கள் என்று
இதுவரை கேட்காதவள் நான்தானே.

வியாழக்கிழமை வைவா.
ஸ்லைடு முடிக்கவில்லை. மெஸ் மூடியாயிற்று.
மரியசூசை வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருக்கிறார்:
சேற்றை வாரிவிட்டாராம், கம்பம் பளிச்சென்று நிற்கிறது.
தண்ணீர் தொடும் இடத்தைக் காட்டப்போய்
அந்த எண்ணை மறைத்திருக்கிறது
அவர் கட்டைவிரல்.
0.60ஆ 0.80ஆ,
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.