வானம் பார்த்த பெட்டி

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது.
நாற்பத்திரண்டு வெள்ளி, சிம் தனி.
சிவப்பு வயர் பேட்டரிக்கு,
கறுப்பு வயர் வண்டியின் உடம்புக்கு,
நடுவில் ஒரு ஃபியூஸ்.
“அவ்வளவுதான் பாஸ்” என்றான் ஆ செங்,
சின் மிங் பட்டறையில், டேஷ்போர்டுக்குள்
முழங்கைவரை கையை விட்டபடி.
“இரும்புக்கு அடியில் வைத்தால் செத்துப்போகும்.
முகம் மேலே இருக்கணும்.
அதுக்கு வானம் தெரியணும்.”

வானம் பார்த்த பூமி என்று
தமிழ் வகுப்பில் படித்தது நினைவு வந்தது.
இங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர்.
வானத்தை நம்பிப் பிழைப்பது
இனி என் வேனில் இது ஒன்றுதான்.

சவரிராஜ் அன்று விடுப்பு.
பல் பிடுங்கப் போயிருந்தார்.
அவர் இருக்கையில் உட்கார்ந்துதான் டார்ச் அடித்தேன்.
கண்ணாடி துடைக்கும் துணி,
அரைப் பாக்கெட் இஞ்சி மிட்டாய்,
செல்லாத பார்க்கிங் கூப்பன் ஒன்று.
எதுவும் இடம் மாறாமல் பார்த்துக்கொண்டேன்.

வண்டி என்னுடையது. மாவு என்னுடையது.
புளித்துவிட்டதென்று ஈசூனில் மூன்று கடைகள்
திருப்பி அனுப்பிய நாற்பது பாக்கெட்டும்
என் கணக்கில்தான்.
எங்கோ வெயிலில் நிற்கிறது வேன்.
கேட்டிருக்கலாம்.
பதினொரு வருடம் வேலை செய்தவரிடம்
அந்த வாக்கியத்தை எந்தச் சொல்லில் தொடங்குவது?
சந்தேகமும் மாவுதான்.
மூடி வைத்தால்
விடிவதற்குள் பாத்திரம் வழிந்துவிடும்.

ஒரு வாரம் கைப்பேசியில் சிவப்புப் புள்ளி.
செம்பவாங், ஈசூன் என்று எறும்பாய் ஊரும்.
கேலாங் போகிற நாளில்
கேபிஇ சுரங்க வாயிலில் உறைந்து நின்றுவிடும்.
நானும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.
அந்தப் பக்கம் முளைத்ததும்
எனக்கு ஏன் அத்தனை நிம்மதி?

நாலு பத்துக்குக் கிராஞ்சி.
நாலு முப்பத்திரண்டுவரை அசையாது.
தினமும்.

செவ்வாய்க்கிழமை டாக்சி பிடித்துப் போனேன்,
சொல்லவேண்டியதை மூன்று விதமாய்
ஒத்திகை பார்த்தபடி.
தொழிற்பேட்டைக் காப்பிக்கடை.
வேன் இல்லை.
இங்கேதான், இங்கேதான் என்று
சத்தியம் செய்கிறது கைப்பேசி.

கூரை முடிகிற இடத்து மேசையில்,
யாரோ குடித்துப்போன கோப்பைக்குப் பக்கத்தில்,
ரொட்டிப் பையில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு
என் பெட்டி.
முகம் மேலே.

“தொடாதே” என்றார் கடைக்கார ரொக்கியா மக்சிக், மலாயில்.
“அந்த அண்ணனுடையது. தினம் வைத்துவிட்டுப் போவார்.
உள்ளே வைக்கக்கூடாதாம்.
மழை வந்தால் மட்டும் நான் எடுப்பேன்.”

வயரைப் பிடுங்கினாலும் முனகாத மலிவுப் பெட்டி.
உள்ளே மூன்று மணி நேரத்துக்கு மூச்சு உண்டு
என்று ஆ செங் சொன்னதை
நான் காதில் வாங்கவில்லை.
சொல்லாமலே அவர் கண்டுபிடித்திருக்கிறார்.

ஒரு தே ஓ கொசோங் சொல்லி உட்கார்ந்தேன்.
திரையில் என் நீலப் புள்ளி
சிவப்பின்மேல் அப்பிக்கொண்டிருந்தது.
இந்தத் தீவு முழுவதிலும்
நான் எங்கே இருக்கிறேன் என்பது மட்டும்
எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது.

நாலு இருபத்தெட்டுக்கு எழுந்தேன்.
ரப்பர் பேண்ட் தளர்ந்திருந்தது.
இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டு
அவர் வரக்கூடிய வழியை விட்டு
மறுபக்கமாய் நடந்தேன்.

இரவு கணக்கு ஒப்படைக்க வந்தார்.
ரசீதுகள் வரிசையாய், காசு சரியாய்.
வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:
“ரேடியோ போன வாரம் கரகரன்னுச்சும்மா.
உள்ள யாரோ ஒரு வயரைச் சரியா முடியல.
நான் டேப் ஒட்டிட்டேன்.”

“சரி” என்றேன்.
“பல் எப்படி இருக்கு?”